பந்து பட்ட பல் கறுக்கிறது, லேசர் வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஆறு வாரங்களுக்கு முன் கிரிக்கெட் ஆடும்போது கார்க் பந்து வாயில் பட்டது. மேல் முன்பல் ஒன்று சில நாள் ஆடி, பிறகு நின்றுவிட்டது. இப்போது சாம்பல் நிறமாகத் தெரிகிறது. கிராம்புத் தைலம் தடவினேன். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக்கும் கொடுத்தேன். முன்பற்களுக்கு நடுவே இடைவெளியும் இருக்கிறது. இரண்டுக்கும் லேசர் அறுவை சிகிச்சை நல்லது என்று வீடியோவில் பார்த்தேன். பல் போய்விடுமா டாக்டர்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். அடிபட்ட பல்லுக்குள் ரத்தம் கசிந்தாலும் நிறம் மாறும். சில பற்கள் தாமாகவே தெளிந்துவிடுவதும் உண்டு. குளிர்ச்சி வைத்துப் பார்க்கும் சோதனைக்கு உயிருள்ள பல்கூட மூன்று மாதம் வரை உணர்ச்சி காட்டாமல் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பி வேர் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது என்றே பல் காயங்களுக்கான 2020 பன்னாட்டு வழிகாட்டுதலும் சொல்கிறது.

நிறத்தை விடுங்கள், ஈறைப் பாருங்கள். பையனை ஜன்னலோரம் உட்காரவைத்து மேலுதட்டை முழுக்கத் தூக்குங்கள். அந்தப் பல்லின் வேருக்கு நேராக, ஈறில் குண்டூசித் தலை அளவுக்குப் பரு போல ஏதாவது தெரிகிறதா? தொட்டால் வெள்ளையாகக் கசிகிறதா? அது சீழ் வெளியேறும் வாசல். உள்ளே நரம்பு செத்துவிட்டது. சீழ் வடிந்துவிடுவதால் வலி இருக்காது, பையனும் ஒன்றுமில்லை என்று ஆடப் போய்விடுவான். நீங்கள் மறுநாளே பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

முன்பல் 7 வயதில் முளைத்தாலும் வேர் முழுதாக வளர்ந்து நுனி மூட மேலும் மூன்று ஆண்டுகள் ஆகும். உங்கள் மகனின் பல்வேர் பெரும்பாலும் இன்னும் நுனி திறந்த குழாய்தான். நரம்பு செத்தால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். சுவர் மெல்லியதாகவே இருந்து, பின்னாளில் சின்ன இடி பட்டாலும் ஈறோரம் முறியும். சீக்கிரம் வந்தால் நுனியை மருந்துப் பொருளால் அடைத்துக் காப்பாற்ற வழி இருக்கிறது.

பரு இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அடிபட்ட நாளிலிருந்து 12 வாரம், 6 மாதம், ஓராண்டு ஆகும்போது மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். பக்கத்துப் பல்லின் வேர் வளர்ந்திருக்க, இது மட்டும் பழையபடியே நின்றால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

அந்த ஆன்டிபயாடிக்கை யார் கொடுக்கச் சொன்னது? செத்த நரம்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது. மருந்து எந்த வழியாகப் போய்ச் சேரும்? பரு இருந்திருந்தால் அதைச் சில நாள் வற்றவைத்து உங்களையும் என்னையும் ஏமாற்றியிருக்கும், அவ்வளவுதான். கிராம்புத் தைலம் ஈறைப் புண்ணாக்கும். இன்றோடு நிறுத்துங்கள்.

லேசரால் ஈறையும், முன்பற்களுக்கு நடுவே மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சவ்வையும் ரத்தம் அதிகம் வராமல் வெட்டலாம். செத்த நரம்புக்கு அது உயிர் கொடுக்காது. இடைவெளி இந்த வயதில் சகஜம். 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் அப்போது சவ்வைப் பற்றிப் பேசலாம்.

கிரிக்கெட்டை நிறுத்த வேண்டாம். கார்க் பந்தென்றால் முகக் கம்பி வைத்த ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடட்டும்.