கூஸ்பெரியும் பெப்பர்மின்டும்

வணக்கம் சார்,

கொஞ்ச நாளாக முகநூலில் ஒரு பக்கத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துப் பத்திரிகைத் துணுக்குகளைப் படத்தோடு எடுத்துப் போடுகிறார்கள். இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டி மூச்சு முட்டி இறந்த பெண், கூண்டுப் பாவாடையில் தீப்பிடித்துச் செத்தவள், கடலில் ராட்சதப் பாம்பு, சகல நோயும் தீர்க்கும் மாத்திரை. படிக்கச் சிரிப்பாக இருக்கிறது, சிலது பயமாகவும் இருக்கிறது. இதெல்லாம் நிஜமா, இல்லை அந்தக் காலத்து வாட்ஸப் வதந்தியா? சின்ன ஊர்ப் பத்திரிகைகளை நாமே நேரடியாகப் படிக்க வழி உண்டா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்,

பாதி நிஜம். எது அந்தப் பாதி என்று பார்க்க நான் வைத்திருக்கும் கணக்கு சுலபமானது. செய்தி நடந்த இடம், பத்திரிகை அச்சான ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? தூரம் கூடக்கூட என் நம்பிக்கை குறையும்.

அந்தப் பத்திரிகைகள் தயாரான விதம் அப்படி. 1855 வரை பிரிட்டனில் பத்திரிகைத் தாளுக்கு முத்திரை வரி இருந்தது. 1836இல் அதை நாலு பென்ஸிலிருந்து ஒரு பென்னியாகக் குறைத்தார்கள். அப்போதும் ஓர் இதழின் விலை நாலைந்து பென்ஸ்தான், கூலிக்காரன் வாங்க முடியாது. வரி போனதும் ஊருக்கு ஊர் ஒரு பென்னிப் பத்திரிகைகள் முளைத்தன. பெரிய தாள், பொடி எழுத்து, பத்தி பத்தியாக நிரப்ப வேண்டும். சின்ன ஊரில் வாரம் முழுக்க அவ்வளவு என்ன நடந்துவிடும்? ஆசிரியர் கத்தரிக்கோலை எடுப்பார். பிற ஊர்ப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டினால் பத்தி நிரம்பும். அதை வெட்ட இன்னோர் ஊரில் இன்னோர் ஆசிரியர் காத்திருப்பார். கோடையில் நாடாளுமன்றம் விடுமுறை விட்டதும் அரசியல் செய்தியும் வற்றிவிடும். அப்போதுதான் ராட்சத கூஸ்பெரி, அதாவது அங்கே தோட்டங்களில் வளரும் ஒரு சின்னப் புளிப்புப் பழம், காய்க்கும். எங்கோ ஒரு தோட்டத்தில் இதுவரை காணாத அளவில் கூஸ்பெரி விளைந்தது என்ற செய்தி அக்காலத்தில் நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. இட்டு நிரப்பும் செய்திக்கே அந்தப் பெயர் வைத்துக் கேலி செய்தார்கள்.

உங்கள் கடல்பாம்பும் ஏறக்குறைய இந்த வகைதான், ஆனால் ஒரு வித்தியாசம். 1848இல் டிடாலஸ் என்ற கடற்படைக் கப்பலின் கேப்டன், தாம் அப்படி ஒன்றைப் பார்த்ததாகக் கடற்படைத் தலைமைக்கே எழுதிக் கொடுத்தார். லண்டன் டைம்ஸில் அது வந்தது, நாடெங்கும் மறுபதிப்பானது. அவர் எதையோ பார்த்தார் என்பது நிஜம். அது பாம்புதான் என்று நான் சொல்ல மாட்டேன்.

படங்களைப் பற்றி ஒன்று. இப்படிப் பகிரப்படும் பயங்கரச் சித்திரங்களில் நிறைய, 1864இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் போலீஸ் நியூஸ் என்ற லண்டன் வாரப் பத்திரிகையினுடையவை. 1886இல் பால் மால் கெசட் என்ற இன்னொரு லண்டன் பத்திரிகை தன் வாசகர்களிடம் கருத்துக் கேட்டபோது, இங்கிலாந்தின் மிக மோசமான பத்திரிகை என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ரசித்துப் பாருங்கள், சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்.

உள்ளூர்ச் செய்தி அப்படியல்ல. தெருப் பெயர் போட்டு ஒரு சாவைப் பற்றி எழுதினால், அதே தெருக்காரன் மறுநாள் அச்சகத்து வாசலில் வந்து நிற்பான். அதனால் இந்தப் பத்திரிகைகளில் நான் முதலில் தேடிப் போவது மாஜிஸ்திரேட் கோர்ட் செய்திகளும் மரண விசாரணைச் செய்திகளும். சந்தேகச் சாவு என்றால் உள்ளூர்வாசிகளை ஜூரிகளாகக் கூட்டி விசாரிப்பார்கள். பொது இடம் வேறு இல்லாததால் பெரும்பாலும் மதுக்கடையின் ஓர் அறையில்தான் விசாரணை. பிணத்தை ஜூரிகள் நேரில் பார்த்தாக வேண்டும். சாட்சி சொல்லும் பக்கத்து வீட்டுக்காரி, இறந்தவள் காலையில் என்ன சாப்பிட்டாள், அடுப்பில் என்ன இருந்தது, குழந்தைக்குத் தூங்க என்ன மருந்து கொடுத்தாள் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போவாள். நிருபரும் எழுதிக்கொண்டே போவார். கூண்டுப் பாவாடைத் தீ விபத்துகள் இந்தப் பத்திகளில் திரும்பத் திரும்ப வருகின்றன, அவற்றைத் தாராளமாக நம்பலாம். எஃகு வளையம் வைத்து விரித்த பாவாடை, திறந்த கணப்பு, வேறென்ன நடக்கும்? கச்சைச் சாவுகளில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். இறுக்கிக் கட்டும் வழக்கத்தை எதிர்த்து மருத்துவர்கள் ஏற்கெனவே பிரசாரம் செய்துகொண்டிருந்தார்கள். பிணத்தின் மீது கச்சை இருந்தால் பழியை அதன் மேல் போடுவது எளிது.

ஓர் உதாரணம் விரிவாகச் சொல்கிறேன். 1858 அக்டோபர் 30, சனிக்கிழமை. வட இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊரின் சந்தையில் வில்லியம் ஹார்டேக்கர் என்பவர் பெப்பர்மின்ட் மிட்டாய் விற்றார். ஊரில் அவருக்கு 'ஹம்பக் பில்லி' என்று பட்டப்பெயர். அதைத் தின்றவர்களில் சுமார் 20 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். முதலில் இறந்தவர்கள் சிறுவர்கள், காலரா என்றுதான் நினைத்தார்கள். விஷயம் தெரிந்ததும் மிட்டாயைத் தின்னாதீர்கள் என்று ஊருக்குள் மணியடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

விசாரணையில்தான் மிட்டாய் எப்படித் தயாரானது என்பது வெளியே வந்தது. சர்க்கரை விலை அதிகம், அதனால் ஹார்டேக்கருக்குச் சரக்கு தந்த ஜோசஃப் நீல் என்ற மிட்டாய் தயாரிப்பாளர் அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போன்ற மலிவான வெள்ளைப் பொடியைக் கலப்பது வழக்கம். வியாபாரிகள் அதை 'டாஃப்ட்' என்பார்கள். அதை வாங்கப் பக்கத்து ஊரான ஷிப்லியில் ஒரு மருந்துக்கடைக்கு ஆளனுப்பினார். கடைக்காரர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். மூலையில் பீப்பாயில் இருக்கிறது என்று உதவியாளரிடம் சொன்னார். உதவியாளர் வேறு பீப்பாயிலிருந்து 12 பவுண்டு அள்ளிக் கொடுத்தார். அது ஆர்சனிக், எலி பாஷாணம். நீலிடம் மிட்டாய் செய்த வேலையாளுக்கே அதைக் கிண்டும்போது உடம்புக்கு வந்துவிட்டது. அப்போதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு மறக்காத இடம் அடுத்தது. சரக்கு வழக்கம்போல இல்லையே என்று ஹார்டேக்கர் கவனித்தார். கவனித்து என்ன செய்தார்? விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கினார்! அவரும் அதில் ஒன்றைத் தின்று படுத்தார்.

கலப்படம் செய்ததற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. கொலையாகாத மரணம் என்று தொடுத்த வழக்கும் நிற்கவில்லை. 1860இன் உணவுக் கலப்படச் சட்டத்துக்கும், விஷம் விற்பதைக் கட்டுப்படுத்திய 1868இன் மருந்தகச் சட்டத்துக்கும் இந்தச் சம்பவம் ஒரு காரணம். ஒரு சனிக்கிழமைச் சந்தை, சர்க்கரை விலை, கடைக்கு ஓடும் ஆள், பேரம், எல்லாம் இந்த ஒரு விசாரணையில் கிடைக்கிறது. கூஸ்பெரியில் இது எதுவும் கிடைக்காது.

விளம்பரங்களை மட்டும் தூரக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை பக்கத்திலிருந்தே பொய் சொல்லும். பீச்சம் மாத்திரை 'பெட்டி ஒன்று ஒரு கினி பெறும்' என்ற வாசகம் 1859இல் செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரின் பத்திரிகையில் தொடங்கியது. கினி என்றால் 21 ஷில்லிங். விற்ற விலை ஒரு ஷில்லிங் சொச்சம். 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைப் பிரித்துப் பார்த்தது. கற்றாழை, இஞ்சி, சோப்பு. 56 மாத்திரைக்கு மூலப்பொருள் செலவு அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. வயிறு இளகியிருக்கும், அதை மறுக்க முடியாது.

சரி, எங்கே படிப்பது? பிரிட்டிஷ் நூலகத்தோடு இணைந்த பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் பெரியது, சந்தா கட்ட வேண்டும், சில பக்கங்கள் மட்டும் இலவசம். வேல்ஸ் தேசிய நூலகத்தின் தளம் முழுக்க இலவசம், ஆங்கிலப் பத்திரிகைகள் அதில் ஏராளம். அங்கிருந்து தொடங்குங்கள். 'விசித்திரம்' என்று தேடாதீர்கள். ஓர் ஊர், ஓர் ஆண்டு என்று வைத்துக்கொண்டு வாரா வாரம் புரட்டுங்கள். பழைய அச்சைக் கணினி பல இடங்களில் தப்பாகப் படித்திருக்கும், ஆகவே தேடிக் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

எந்த ஆண்டு என்று கேட்டால் 1877ஐச் சொல்வேன். சென்னை மாகாணத்தில் பெரும்பஞ்சம். மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர் வில்லியம் டிக்பி விடாமல் குரல் கொடுத்ததும் லண்டனில் மேன்ஷன் ஹவுஸ் நிதி என்ற பஞ்ச நிவாரண நிதி திறக்கப்பட ஒரு முக்கியக் காரணம். இங்கிலாந்தில் விஸ்பீச் என்ற சின்ன ஊரின் பத்திரிகையில் தொழில் பழகி, கொழும்பில் சிலோன் அப்சர்வரில் வேலை பார்த்து, அப்புறம் சென்னைக்கு வந்தவர் அவர். பிரிட்டனின் உள்ளூர்ப் பத்திரிகைகள் அந்த ஆண்டின் பிற்பகுதியில் நிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியலை வெளியிட்டன. 'மெட்ராஸ்' என்று மட்டும் தேடினால் பாதி தவறிவிடும். 'இந்தியன் ஃபேமின் ஃபண்ட்' என்றும் போட்டுப் பாருங்கள்.