கற்றாழைச் சோறு கெடாமல் இருக்க…

கேள்வி: தொட்டியில் வளர்ந்த சோற்றுக்கற்றாழையின் ஐந்தாறு மடல்களை மொத்தமாக அறுத்து, ஜெல்லை ஃபிரிட்ஜில் வைத்தேன். நான்காம் நாளே இளஞ்சிவப்பாகி, தண்ணீர் போல இளகிவிட்டது. கெட்டுவிட்டதா?

நிறம் மட்டும் மாறியிருந்தால் காற்று பட்டதும், மடல் தோலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பால் சரியாக வடியாததும் காரணம். இளகியதற்கு, ஜெல்லில் உள்ள நொதிகள் அதன் கொழகொழப்பைச் சிதைப்பது காரணம். புளித்த வாடையோ, நுரையோ, புள்ளியோ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஜெல்லில் ஏறத்தாழ 99 சதவீதம் தண்ணீர்தான். அதைக் காப்பது மடலின் தோல். தோலை நீக்கிவிட்டால் ஃபிரிட்ஜில் ஐந்து முதல் ஏழு நாள்தான் தாங்கும். எனவே மடலைச் செடியிலேயே விட்டுவைத்து, தேவைக்கு ஒன்றாக அடிப்பக்கத்து முற்றிய மடலை அறுப்பதே நல்லது. பாதி மடல் மீந்தால், வெட்டுவாயை பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் இருக்கும்.

கேள்வி: செடி பெருத்துவிட்டது, மடல்களைக் கழித்தே ஆக வேண்டும். மாதக்கணக்கில் வைக்க வழி உண்டா?

ஃப்ரீசர்தான் வழி. அறுத்த மடலை, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் சாய்த்து 15 நிமிடம் நிறுத்துங்கள். தோலுக்கு அடியில் இருக்கும் கசப்பான மஞ்சள் பால் வடியும். இது சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், வயிற்றுக்குள் போனால் பேதியாகும். மடலைக் கழுவி, இரு பக்கமும் முள் ஓரத்தைச் சீவி, தட்டையான பக்கத்துத் தோலை உரித்து, சோற்றைக் கரண்டியால் வழித்தெடுங்கள். பச்சைத் தோலை ஒட்டச் சுரண்ட வேண்டாம், பால் அங்கேதான் ஒட்டியிருக்கும். துண்டுகளை ஓடும் நீரில் அலசி, ஈரம் வடித்த பிறகு மிக்ஸியில் இரண்டு மூன்று தடவை மட்டும் விட்டு விட்டு அடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஒரே நுரையாகிவிடும். அப்படி ஆனால் கால் மணி நேரம் மூடி வைத்து, நுரை அடங்கியதும் வடிகட்டலாம்.

ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைந்ததும், கட்டிகளைக் காற்றை வெளியேற்றிய ஜிப் பையில் போட்டுத் தேதி எழுதுங்கள். ட்ரேயிலேயே விட்டால் ஃப்ரீசர் வாடை ஏறும். ஆறு மாதம் வரை பயன்படுத்தலாம். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். உருகும்போது நீர்த்துத்தான் போகும், அது கெட்டதற்கு அடையாளம் அல்ல. கட்டியை நேராகத் தோலில் தேய்த்தால் குளிரே புண்ணாக்கும், மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

முழு மடலை அப்படியே உறைய வைக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். வேண்டாம். உருகும்போது பால் சோற்றில் கலந்துவிடும்.

கேள்வி: வைட்டமின் ஈ கலந்தால் கெடாதாமே?

இது பலரிடம் இருக்கும் தவறான எண்ணம். எண்ணெய் கசந்துபோவதை வைட்டமின் ஈ தள்ளிப்போடும். பூஞ்சையையும் பாக்டீரியாவையும் அது கொல்லாது. ஜெல் நிறம் மாறாமல் இருக்க வைட்டமின் சி உதவும்: 100 கிராம் ஜெல்லுக்கு அரை கிராம், அதாவது நிறமோ மணமோ சேர்க்காத 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கலந்தால் போதும். அப்போதும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

கடை ஜெல் வெளியிலேயே மாதக்கணக்கில் இருப்பதற்குக் காரணம், அதில் முறையாக அளந்து சேர்த்த பதப்படுத்திகள். அளவு துல்லியமும் அமிலத்தன்மைச் சோதனையும் இல்லாமல் அவற்றை வீட்டில் கலப்பது வீண்வேலை.

கேள்வி: காயவைத்துப் பொடியாக்கலாமா?

ஒரு கிலோ சோற்றில் பத்து கிராம் அளவுக்குத்தான் பொடி மிஞ்சும். அதுவும் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

கேள்வி: எண்ணெயில் கலந்து பாட்டிலில் வைத்தேன். அடியில் கலங்கலாக ஏதோ தங்கியிருக்கிறது.

அது ஜெல்லின் தண்ணீர். பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள். அடுத்த முறை, சிறு துண்டுகளாக்கிய சோற்றை எண்ணெயில் சிறு தீயில் காய்ச்சுங்கள். சடசடப்பு முற்றிலும் அடங்கி, துண்டுகள் சுருங்கி மொறுமொறுப்பானால்தான் நீர் போனதாக அர்த்தம். ஆறியதும் வடிகட்டி, துளி ஈரமும் இல்லாத பாட்டிலில் ஊற்றுங்கள். ஒன்று மட்டும்: இவ்வளவு சூட்டில் ஜெல்லின் கொழகொழப்பும் குளிர்ச்சியும் எண்ணெயில் இறங்குவதில்லை. வெயில் பட்ட தோலுக்குத் தடவ ஃப்ரீசர் கட்டிதான் ஏற்றது.