கார் கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்கி கிளட்ச் மாற்ற முடியுமா? ஒர்க்‌ஷாப்பில் கூலி அதிகம் கேட்கிறார்களே?

முடியும். நான் மாற்றியிருக்கிறேன். இத்தனைக்கும் நான் மெக்கானிக் இல்லை, சேலத்தில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன். "தொழில் தெரியாதவன் தொடக்கூடாத வேலை" என்று சொல்ல வருகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். உங்களுக்குக் கூலி அதிகம் என்று கவலை. நானோ, அவர்கள் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து ஏமாந்தவன்.

என்னுடையது 2011 மாடல் ஆல்ட்டோ. கிளட்ச் செட் முழுவதும் மாற்றிப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் மூன்றுக்கும் பில் போட்டார்கள். எந்த ஒர்க்‌ஷாப் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

போன வருஷம் மே மாதம் ஏற்காடு ஏறினோம். மனைவிக்குச் சொந்த ஊர் மேலே நாகலூர். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பதினாலாவதில் எதிரே ஒரு பெரிய கார் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு இறங்கியது. மலைப்பாதையில் இடம் குறுகலாக இருந்தால், இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இது மரியாதைக்குச் சொல்வதில்லை, சட்டத்திலேயே இருக்கிறது. மே மாதக் கூட்டத்தில் யாருக்குத் தெரிகிறது? வளைவிலேயே நிறுத்தி போட்டோ எடுக்கிறார்கள், குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறார்கள். சரி, அதைப் பேச ஆரம்பித்தால் பதில் முடியாது. அந்த மனிதர் ஒதுங்குவதற்குள் நான் ஏற்றத்தில் கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடி நின்று நின்று நகர்ந்தேன். அப்புறம் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. கருகல் நாற்றம் வேறு. மச்சினன் ஜீப்பில் வந்து கயிறு கட்டி நாகலூருக்கு இழுத்துப் போனான்.

அவன் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவன், இப்போது எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறான். மாமனார் வீட்டுக் காபிக் களம் மே மாதத்தில் காலியாகத்தான் கிடக்கும். சமதளமான சிமெண்ட் தரை, இந்த வேலைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினோம். கியர் ஆயிலை வடித்து, கிளட்ச் கேபிள், கியர் லிங்க், ரிவர்ஸ் லைட் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார், இரண்டு பக்க ஆக்ஸில் என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். கியர்பாக்ஸ் வந்துவிட்டால் இன்ஜின் ஒரு பக்கம் தொங்கும், அதனால் அதன் அடியில் சில்வர் ஓக் பலகை வைத்து ஜாக்கி கொடுத்தோம். வண்டி அடியில் கொடுத்த இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். கியர்பாக்ஸ் ஏறக்குறைய ஒரு சிப்பம் அரிசிக் கனம் இருந்தது. இன்ஜினை விட்டு நேராக இழுத்து, பிளேட்டின் நடுவில் நுழைந்திருக்கிற கியர்பாக்ஸ் ஷாஃப்ட் முழுதும் வெளியே வந்தபிறகுதான் இறக்க வேண்டும். பாதியில் தொங்கவிட்டால் மொத்தக் கனமும் பிளேட்டின் நடுவில் இறங்கி அது வளைந்துவிடும்.

பிரஷர் பிளேட்டைக் கழற்றிக் கையில் வாங்கியதும் எனக்கு வயிறு எரிந்தது. வெளிப்பக்கம் பளபளவென்று சில்வர் பெயிண்ட். திருப்பினால், பிளேட் உட்காருகிற முகத்தில் மயில்கழுத்து நீலத்தில் திட்டுத்திட்டாகச் சூடேறிய தழும்பு. ரிலீஸ் பேரிங் உரசி உரசி, நடுவில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்பிரிங் நுனிகளில் பள்ளம் விழுந்திருந்தது, நகத்தை வைத்தால் தட்டியது. பத்து மாதத்தில் விழுகிற பள்ளம் இல்லை அது. பிளேட்டை மட்டும் புதிதாகப் போட்டு, அழுத்தம் போன பழசுக்குப் பெயிண்ட் அடித்துத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். நான் ஓட்டியதும் சேர்ந்துதான் பிளேட் போனது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பில்?

மறுநாள் பஸ்ஸில் சேலம் இறங்கிப் புது செட் வாங்கி வந்தேன். பிளேட் ஒட்டுகிற இன்ஜின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீலில் வெடிப்பு இல்லை, ஆயில் சீலும் கசியவில்லை. மாட்டுகிற இடத்தில்தான் நான் தப்புச் செய்யப் பார்த்தேன். பிளேட்டைக் கண் அளவில் நடுவில் வைத்து பிரஷர் பிளேட்டை முறுக்கிவிட்டேன். கியர்பாக்ஸைத் தூக்கித் தள்ளினால் அரை இஞ்ச் இடைவெளி அப்படியே நிற்கிறது. சாயங்காலம், மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. நான் நீள போல்ட்டைப் போட்டு முறுக்க ஆரம்பித்தேன். மச்சினன் தடுத்தான்.

"மாமா, கைய எடுங்க. முறுக்கி இழுத்து ஒட்ட வைக்கிற சமாச்சாரமா இது? போல்ட் மாட்டுற காது ஒடைஞ்சா கியர்பாக்ஸே போச்சு."

மறுபடி இறக்கினோம். பிளேட் சரியாக நடுவில் இல்லாததால்தான் ஷாஃப்ட் நுழையவில்லை. அவன் ஒட்டடைக் கம்பில் ஒரு முழம் அறுத்து, நுனி ஃப்ளைவீல் நடுவில் இருக்கிற குட்டி பேரிங்குக்குள் போகும்படி சீவினான். பிளேட்டின் பல் வருகிற இடத்தில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினான். கம்பைச் செருகி வைத்துக்கொண்டே பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, பிறகு கம்பை உருவினோம். இந்தத் தடவை கியர்பாக்ஸை லேசாக ஆட்டினதும் 'டொக்'கென்று போய் உட்கார்ந்தது. ஆக, இறக்குவது பெரிய வேலை இல்லை. ஏற்றும்போது போகவில்லையா, பலத்தைக் காட்டாமல் இறக்கிப் பாருங்கள். பிளேட்டில் ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்த்து இருக்கட்டும். கிளம்பும் முன் மறக்காமல் கியர் ஆயில் ஊற்றுங்கள். எங்களுக்கு அதை ஞாபகப்படுத்தியது மாமியார்.

பழைய பிரஷர் பிளேட்டை எடுத்துக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "வண்டியா கொண்டு வந்திருந்தா பாத்திருப்போம் சார், நீங்களே கழட்டிட்டீங்களே" என்றார்கள்.

என்ன வண்டி என்று நீங்கள் எழுதவில்லை. சின்ன கார், கூட விவரம் தெரிந்த ஓர் ஆள், சமதளமான இடம் மூன்றும் இருந்தால் இறங்குங்கள். பொலிரோ மாதிரி இன்ஜின் பின்சக்கரத்தைச் சுற்றுகிற வண்டி என்றால் கியர்பாக்ஸ் இன்னும் கனம், கூலி கொடுத்துவிடுங்கள். ஆனால் பழைய சாமானை அங்கேயே கேட்டு வாங்குங்கள், புது டப்பாவைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். "நேரமாகும் சார், டீ சாப்பிட்டு வாங்க" என்பார்கள். நான் அன்றைக்குப் போனேன்.