மூன்றே மணி நேரத்தில் சிலந்தி பயம் போகுமா? சீட்டு எடுப்பதற்கு முன் படியுங்கள்

கேள்வி: எங்களுக்குக் காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். ஓட்டு வீடு. மனைவிக்கு வயது 34. எட்டுக்கால் பூச்சி என்றால் சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பயம். இரண்டு வருடமாக முற்றிவிட்டது. விடிகாலை நாலு மணிக்கே எழுந்து வீடு முழுக்க ஒட்டடை அடிக்கிறார். உடுத்தப்போகும் சேலையை மூன்று முறை உதறுகிறார், எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. ஒட்டடை மேலே பட்டதாகத் தோன்றினாலே மறுபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். திருப்பூரில் ஒரு மையத்தில், மூன்றே மணி நேரத்தில் பயத்தைப் போக்கிவிடுவதாகச் சொல்லி 60,000 ரூபாய் கேட்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் அழைத்துப்போனார், 5,000 முன்பணம் கட்டிவிட்டேன். மீதிக்கு ஏலச்சீட்டை எடுக்கலாமா? இன்னொருவர் இது ஓ.சி.டி., அதாவது செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய், ஆயுசுக்கும் மாத்திரை என்கிறார். எதை நம்புவது?

பதில்: சீட்டை எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த மையத்தார் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை மிச்சம். பாதி உண்மையாக இருப்பதுதான் சிக்கல். லார்ஸ்-யோரன் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர், ஏதோ ஒன்றை மட்டும் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒரே அமர்வில் சிகிச்சை கொடுத்து, 1989ல் முடிவுகளை வெளியிட்டார். அதிகபட்சம் மூன்று மணி நேரம். மொத்தம் 20 பேர். சராசரியாக நாலு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பத்தில் ஒன்பது பேர் தேறியே இருந்தார்கள்.

அந்த மூன்று மணி நேரத்தில் மந்திரம் ஒன்றும் நடப்பதில்லை. ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு போஸ்ட் கார்டு, சின்னதும் பெரியதுமாகச் சில சிலந்திகள். சிகிச்சையாளர் முதலில் தானே செய்து காட்டுவார். பிறகு பயப்படுகிறவர், இருப்பதிலேயே சின்ன பூச்சியின் மேல் டம்ளரைக் கவிழ்த்து, கார்டை அடியில் நுழைத்து எடுக்க வேண்டும். "இப்ப இது என்ன பண்ணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்பார். "மூஞ்சிக்கே தாவுமுங்க" என்று பதில் வரும். பேனா முனையால் லேசாகத் தொடச் சொல்வார். பூச்சி முகத்தை நோக்கி வராது, எதிர்ப்பக்கம் ஓடும். தான் நினைத்தது நடக்கவில்லை என்பதைக் கண் எதிரே பார்க்கிற அந்த நொடிதான் மருந்து. அப்படியே படிப்படியாக விரலால் தொடுவது, கை மேல் ஊரவிடுவது வரை போவார்கள்.

ஆனால் இது யாருக்கு? பூச்சியைப் பார்த்தால் அலறி, பூச்சி போனதும் அடங்குகிறவர்களுக்கு. உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதில் ஒரு சிலந்திகூட இல்லை! நாலு மணிக்கு ஒட்டடை அடிக்கும்போது பூச்சி இல்லை. சேலையில் இல்லை. மேலே ஒட்டடை பட்டதுகூட நிச்சயமில்லை, 'பட்டதாகத் தோன்றினால்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனாலும் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குவது, இல்லாத பூச்சிக்காகத் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவாவது, செய்தால்தான் நெஞ்சு அடங்கும் என்ற நிலை, இவையெல்லாம் ஓ.சி.டி. பக்கம்தான் கை காட்டுகின்றன. ஆக, எதைக் கண்டு பயம் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பூச்சி இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

குழப்பம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. சிலந்தி பயத்தில் கடித்துவிடும் என்ற அச்சத்தோடு அருவருப்பும் கலந்திருக்கிறது. 1990களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள், சிலந்தி பட்ட பிஸ்கட்டைச் சாப்பிடுவீர்களா என்று சோதித்தார்கள். சிலந்திக்குப் பயந்த பெண்களே அதிகம் தயங்கினார்கள். அருவருப்பு பயத்தைவிட மெதுவாகத்தான் வடியும். 'தீட்டு ஒட்டிக்கொண்டது, கழுவியாக வேண்டும்' என்ற எண்ணத்துக்கு அங்கிருந்து ரொம்ப தூரமில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு ஆளாளுக்கு வீட்டுப் பெண்களுக்கு நோய்ப் பட்டம் கட்டுவார்கள். நம் பக்கத்தில் ஓட்டு வீட்டில் குடியிருப்பவர், விறகு அடுக்கில் கை வைக்கும் முன் தட்டிப் பார்ப்பதும், செருப்பை உதறிப் போடுவதும், இரவில் பொடக்காலிக்கு (கொல்லைப்புறத்துக்கு) டார்ச் இல்லாமல் போகாததும் நோய் அல்ல. புத்தி. ஓட்டு இடுக்கில் எட்டுக்கால் பூச்சி மட்டுமா குடியிருக்கிறது? தேளும் இருக்கிறது. செந்தேள் கொட்டி இதயம் பாதிக்கப்பட்டு உயிர் போவதும் உண்டு. பிரசோசின் மாத்திரையை மகாராஷ்டிரத்தின் மகாட் ஊர் மருத்துவர் பவஸ்கர் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் அந்தச் சாவுகள் பெருமளவு குறைந்தன. ஆகவே ஒரு தடவை உதறுவது தேளுக்காக. மூன்று தடவை எண்ணி உதறி, எண்ணிக்கை தப்பியதா என்று அழுவது தேளுக்காக அல்ல. சிகிச்சைக்குப் போகிற இடத்திலும் இதைச் சொல்லுங்கள். மாடி வீட்டிலேயே வளர்ந்த சில இளம் ஆலோசகர்கள், "செருப்பைப் பார்க்காமலேயே போடுங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிடுகிறார்கள்.

ஓ.சி.டி.க்கு உரிய பயிற்சியை ஈ.ஆர்.பி. என்பார்கள். பயத்தைத் தூண்டுவதை எதிர்கொள்ள வேண்டும், வழக்கமாகச் செய்கிற சடங்கைச் செய்யாமல் இருக்க வேண்டும். 1966ல் லண்டனில் விக்டர் மேயர் இதை இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்தார். கை கழுவிக்கொண்டே இருந்தவரின் அறையில் குழாய்த் தண்ணீரையே நிறுத்தினார். இதைக் கேட்டதும் ஒட்டடைக் குச்சியை ஒளித்துவைக்கக் கிளம்பிவிடாதீர்கள். அது ஆஸ்பத்திரியில், ஆள் பக்கத்திலிருந்து நடந்தது. நோயாளி சம்மதிக்காமல் வீட்டில் செய்தால் அதற்குப் பெயர் கொடுமை.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. ராத்திரி நடப்பதை நான் சொல்லட்டுமா? "ஏனுங்க, கட்டிலுக்கடியில பார்த்தீங்களா?" "பார்த்தாச்சு, ஒன்னுமில்ல." இரண்டு நிமிடம். "நல்லாப் பார்த்தீங்களா?" நீங்கள் அன்பாகத்தான் பதில் சொல்கிறீர்கள். ஆனால் அந்த 'ஒன்னுமில்ல' ஒவ்வொன்றும் அடுத்த கேள்விக்கு எண்ணெய் ஊற்றுகிறது. பகலில், அவர் நிதானமாக இருக்கும்போது பேசி, ஒரு முறைதான் பதில் என்று இருவருமாக முடிவு செய்யுங்கள். இரண்டாவது முறை கேட்டால் கோபப்படாமல், "இதுக்கு மேல பதில் சொல்றதில்லைன்னு பேசியிருக்கோமல்ல அம்மணி" என்பதோடு நிறுத்துங்கள். முதல் சில நாள் கேள்வி அதிகமாகும். அதற்காகப் பின்வாங்காதீர்கள்.

மாத்திரை பற்றி. ஃப்ளூஆக்சிடின், செர்ட்ராலின் போன்றவை ஓ.சி.டி.க்கு வேலை செய்யும், பழக்கமாகாது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் 'கேட்கவில்லை' என்று நிறுத்துகிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். குணம் தெரிந்த பின் ஓராண்டாவது தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைப்பதே வழக்கம். ஆயுசுக்கும் என்று யாரும் முதல் நாளே சொல்ல முடியாது. 2005ல் அமெரிக்காவில் எட்னா ஃபோவா குழு வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் 62%, குளோமிப்ரமின் மாத்திரை எடுத்தவர்களில் 42%, இரண்டும் பெற்றவர்களில் 70% பேர் முன்னேறினார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 8% தான். பழக்கமாவது எது தெரியுமா? மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் அல்பிரஸோலாம் என்ற பதற்ற மாத்திரை. அதை வாங்காதீர்கள். ப்ரொப்ரனலால் என்ற ரத்த அழுத்த மாத்திரை ஒன்றிலேயே சிலந்தி பயம் போனதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது 2015ல் ஆம்ஸ்டர்டாமில் சிலந்தி பயத்துக்காக மட்டும் நடந்த ஆய்வு. ஓ.சி.டி.க்கு அல்ல. பஞ்சு மில்லில் வேலை பார்த்து இளைப்பு வாங்கியவர் அதைத் தானாகப் போட்டுக்கொண்டால் மூச்சுக்கே ஆபத்து.

இனி உங்களை அழைத்துப்போன 'தெரிந்தவர்'. அவருக்குக் கமிஷன் உண்டா என்று நேராகவே கேளுங்கள். இந்த ஊர்களில் நிலம் விற்கவும் புரோக்கர், பொண்ணு பார்க்கவும் புரோக்கர். இப்போது மனநோய்க்கும் வந்துவிட்டார்கள். மூளை அலைப் படம் எடுப்பார்கள், கலர் கலராக அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து ஓ.சி.டி.யைக் கண்டுபிடிக்க உலகத்தில் யாராலும் முடியாது. 'ஆழ்மன சிகிச்சை' என்று கண்ணை மூடிப் படுக்கவைப்பார்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழைக் கிட்டப் போய்ப் படியுங்கள், வார இறுதிப் பயிற்சியாக இருக்கும். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள ஆர்.சி.ஐ. எனும் மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் வேண்டும். எண்ணைக் கேட்டு, அவர்கள் இணையதளத்தில் சரிபாருங்கள். எண் கேட்டதும் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

அப்படியானால் எங்கே போவது? இந்தக் கேள்விக்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரை இலவசம், மருத்துவரும் இருப்பார். ஆனால் வெளியே அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, வாரக்கணக்கில் நடக்க வேண்டிய ஈ.ஆர்.பி.யை அவர் எப்போது செய்வார்? உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. படுக்கையில் சேராமல் வந்துபோகும் பயிற்சி என்று சொல்லிப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். சட்டம் போட்டவர்கள் ஒரு நாள் வந்து காப்பீட்டு கவுண்ட்டரில் நின்று பார்க்கட்டும்.

இருந்தாலும் முதலில் அரசு மருத்துவமனை மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்பது டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் ஈ.ஆர்.பி. தெரிந்தவர் யார் என்று அங்கேயும் கேளுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது ஒரு வாரக் கணக்கை எழுதி எடுத்துப்போங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை முறை குளித்தார், எத்தனை முறை கேட்டார். ஐந்து நிமிடமே கிடைத்தாலும் அந்தத் தாள் பேசும்.

கட்டிய 5,000 ரூபாயை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள். ரசீது தராமல் வாங்கியிருந்தால் ஜிபே விவரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் பேசுங்கள். 'தெரிந்தவர்' வழியாகக் கேட்க வேண்டாம்.