சமதரையில் மட்டுமே ஓடிப் பழகியவர் பைக்ஸ் பீக் அசென்ட் ஓட்டத்துக்கு எப்படித் தயாராவது?

கேள்வி கேட்டவர் டல்லாஸில் இருக்கிறார். அரை மாரத்தானை 2 மணி 10 நிமிடத்தில் முடிக்கிறார். கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சிக்கு ஓடும் அசென்ட் பந்தயத்தை அடுத்த ஆண்டு முடிக்க முடியுமா, எப்படிப் பயிற்சி எடுப்பது என்று கேட்கிறார்.

முடியும். தூரம் 13.3 மைல், அதாவது 21.4 கி.மீ. அரை மாரத்தானை ஒட்டிய தூரம்தான் என்றாலும் அந்தக் கணக்கை இப்போதே மறந்துவிடுங்கள். மானிட்டூ ஸ்பிரிங்ஸ் ஊரில் சுமார் 6,300 அடியில் புறப்பட்டு 14,115 அடியில் முடிகிறது. ஏற்றம் 7,815 அடி, அதாவது 2,382 மீட்டர். சராசரிச் சரிவு 11 சதவீதம். 2023-ல் ரெமி பொன்னே என்னும் மலையோட்டக்காரர் 2:00:20-ல் ஏறிச் சாதனை படைத்தார். அதற்கு முன் மாட் கார்ப்பென்டர் 1993-ல் ஓடிய 2:01:06 முப்பது ஆண்டு அசையாமல் நின்றது. உலகின் தலைசிறந்த மலையோட்டக்காரர்களுக்கே இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால் மற்றவர்களுக்கு இது பெரும்பாலும் வேக நடைப் பந்தயம். அதை மனதார ஏற்றுக்கொண்டவர்கள்தான் இங்கே நன்றாக முடிக்கிறார்கள்.

உங்கள் நேரத்தை இப்படிக் கணிக்கலாம். சமதரை முழு மாரத்தான் நேரத்தோடு அரை மணி நேரம் கூட்டுங்கள் என்பது இந்த மலையில் பல காலமாகப் புழங்கும் கணக்கு. 2:10 அரை மாரத்தான் என்றால் முழு மாரத்தான் 4:35 பக்கம் வரும். ஆக 5 மணி 5 நிமிடம். கடல் மட்டத்துப் பக்கமிருந்து வருபவர் இன்னும் 15 முதல் 40 நிமிடம் கூட வைத்துக்கொள்வது நல்லது. மொத்தக் கால அவகாசம் ஆறரை மணி நேரம், வழியிலும் வெட்டு நேரங்கள் உண்டு, அதற்குள் அந்த இடத்தைத் தாண்டாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். இவை மாறக்கூடியவை என்பதால் பதிவு செய்யும் ஆண்டின் விதிகளைப் படித்துவிடுங்கள். தகுதிக்காக முந்தைய ஓட்ட நேரம் ஒன்றைக் கேட்பார்கள். எந்த அலையில், அதாவது எந்தக் குழுவோடு, புறப்படுவீர்கள் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்வார்கள். அதனால் உண்மையான நேரத்தைக் கொடுங்கள். வேகமான அலையில் போய் நின்றால் முதல் ஒரு மணி நேரத்திலேயே கால் போய்விடும்.

பாதையைத் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டால் பயிற்சி எதற்கு என்பதும் புரிந்துவிடும். முதலில் ஊருக்குள் தார்ச் சாலை. ரக்ஸ்டன் அவென்யூவில் பல்சக்கர ரயில் நிலையத்தைத் தாண்டியதும் சாலை திடீரென்று செங்குத்தாகும். கூட்டமும் கைதட்டலும் இருக்கும், உடம்பில் புதுத் தெம்பு இருக்கும், எல்லோரும் ஓடுவார்கள். நீங்கள் அங்கேயே நடக்கத் தொடங்குங்கள். பிறகு பார் டிரெயில் என்னும் மண்பாதை. தொடக்கத்திலேயே 'டபிள்யூ'கள் என்று அழைக்கப்படும் கொண்டை ஊசி வளைவுகள் வரும். பாதை குறுகல், முந்துவது சிரமம். இங்கே ஒவ்வொருவராக முந்திக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் சில விநாடி முழு வேகம் தேவைப்படும். அந்தச் சின்னச் சின்ன வெடிப்புகள் தொடையில் சேர்ந்துகொண்டே போகும். மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம் மிச்சமாகும், உச்சிக்குக் கீழே அதற்கு இருபது நிமிடம் கொடுக்க வேண்டி வரும். முன்னால் போகிறவர் உங்களைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகிறார் என்றால் அவர் பின்னாலேயே போங்கள்.

நோ நேம் க்ரீக் என்னும் ஓடையைத் தாண்டியபின், வழியில் உள்ள பார் கேம்ப் என்னும் தங்குமுகாம் வரை சரிவு தணியும், சில இடங்களில் இறக்கமும் உண்டு. ஓட வேண்டிய பகுதி இதுதான். டபிள்யூக்களில் அடக்கி வாசித்தவர் இங்கே நிதானமாக ஓடியே பலரைத் தாண்டலாம். பார் கேம்ப் 7.6 மைலில், சுமார் 10,200 அடியில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சி 8,652 அடிதான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உயரம் புரியும். தூரத்தில் பாதியைத் தாண்டியாயிற்று, நேரத்தில் இன்னும் பாதிதான். 5:10 இலக்கு வைத்தவர் 2:35 பக்கம் இங்கே வந்தால் சரி. 2:15-க்கு வந்துவிட்டால் மகிழ வேண்டாம், உடனே வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்து ஏ-ஃப்ரேம் என்னும் ஒதுங்குகுடில். மரங்கள் முடிகிற உயரம், ஏறத்தாழ 12,000 அடி. 3:40-க்கு அங்கே இருக்கலாம். உச்சிக்கு இன்னும் மூன்று மைல்தான். ஆனால் அந்த மூன்று மைலுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பந்தயம் தொடங்குவதே இங்கேதான். கீழே காட்டும் பொறுமை எல்லாம் இந்த மூன்று மைலை நிற்காமல் நடப்பதற்காகத்தான்.

ஏன் இவ்வளவு மெதுவாகிறது? உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். காற்றில் ஆக்சிஜன் விகிதம் அதே 21 சதவீதம்தான் என்றாலும், அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் உடம்பின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு தோராயமாக 10 சதவீதம் குறையும். கீழே சுகமாகத் தோன்றிய வேகம் மேலே உங்கள் முழு வலிமையையும் கேட்கும். அங்கே மூச்சு ஒருமுறை எகிறிவிட்டால் இரண்டு நிமிடம் நின்றாலும் பழைய நிலைக்கு வராது. அதனால் எகிறவே விடக் கூடாது. சின்னச் சின்ன அடி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு மூச்சு. மூச்சு தட்டினால் வளைவில் நின்றபடியே பத்து மூச்சு வாங்கிவிட்டு நடங்கள். பாறையில் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் உடம்பு குளிரும், தொடை இறுகும், எழுந்ததும் தலை சுற்றும்.

உச்சியை ஒட்டிய கடைசிப் பகுதியில் 'பதினாறு பொற்படிகள்' வரும். பெயர்தான் படிகள், உண்மையில் அடுத்தடுத்த கொண்டை ஊசி வளைவுகளும் நடுவே முழங்கால் உயரக் கிரானைட் பாறைகளும்தான். நான்கைந்து மணி நேரம் சின்ன அடியே வைத்துப் பழகிய கால் திடீரென்று உயரமாகத் தூக்க வேண்டி வருவதால் கெண்டைக்காலும் உள்தொடையும் சுண்டி இழுப்பது இங்கேதான். முன்பாதத்தை மட்டும் பாறை விளிம்பில் ஊன்றினால் முழு எடையும் கெண்டைக்காலில் விழும். குதிகால் உட்படப் பாதம் முழுவதையும் பாறைமேல் வைத்து, இரு கைகளாலும் அந்தத் தொடையை அழுத்தி, உடம்பை முன்னால் சாய்த்து எழும்புங்கள். பாறையைச் சுற்றிக்கொண்டு போகிற அடித்தடம் தெரிந்தால் ஓரடி கூடுதலானாலும் அதையே எடுங்கள்.

இனிப் பயிற்சி. டல்லாஸில் மலை இல்லை என்பது பெரிய குறை இல்லை, டிரெட்மில் போதும். ஏறிய மீட்டருக்கான கணக்கு எளிது: கிலோமீட்டரைச் சரிவுச் சதவீதத்தால் பெருக்கி, அதைப் பத்தால் பெருக்குங்கள். 12 சதவீதத்தில் 6 கி.மீ. நடந்தால் 720 மீட்டர். பதினாறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 500 மீட்டர் ஏற்றத்தில் தொடங்கி மெல்ல மெல்ல 1,800 வரை கொண்டுபோங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். வாரம் இரண்டு சரிவு நாள் போதும். ஒன்றில் 8 நிமிடம் கடுமையாகவும் 3 நிமிடம் ஆசுவாசமாகவும் நான்கு முறை. மற்றொன்றில் 12 முதல் 15 சதவீதத்தில் நிற்காத வேக நடை, ஒரு மணி நேரத்தில் தொடங்கி இரண்டரை மணி நேரம் வரை. மீதி நாட்களில் உங்கள் வழக்கமான ஓட்டம்.

டிரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பது பயனில்லை. பிடித்த உடனே உடம்பு பின்னால் சாய்ந்து சரிவின் பாரம் கைக்குப் போய்விடுகிறது, திரையில் காட்டும் மீட்டர் பொய்யாகிறது. பிடிக்காமல் நடக்க முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

முதல் மூன்று வாரம் 8 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். சமதரைக் கால்களை ஒரேயடியாக 15 சதவீதத்தில் ஏற்றினால் குதிகால் தசைநாண் வீங்கும். அது ஆற மாதக் கணக்காகும், அந்த ஆண்டுப் பந்தயம் அதோடு போயிற்று. கூடவே 40 செ.மீ. உயரப் பெட்டியில் ஏறி இறங்குவது, ஒரு காலுக்கு 15 வீதம் மூன்று சுற்று, வாரம் இரண்டு முறை. பொற்படிகளுக்கான பயிற்சி இதுதான்.

உடம்பின் இரும்புச் சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையை இரண்டு மூன்று மாதம் முன்பே செய்துவிடுங்கள். இரும்புச் சத்துக் குறைவோடு உயரத்துக்குப் போனால் உடம்பால் தேவையான சிவப்பணுக்களை உண்டாக்க முடியாது. சைவ உணவுக்காரர்களும் பெண்களும் இதைத் தள்ளிப்போடவே கூடாது. குறைவு என்றால் மருத்துவர் சொல்லும் அளவில்தான் மாத்திரை, தானாக வாங்கிப் போட வேண்டாம்.

எப்போது போய்ச் சேர்வது? இரண்டு வாரத்துக்கு மேல் முன்கூட்டி வர முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. முடியாதவர் முந்தைய நாள் வந்து மறுநாள் ஓடிவிடுவது நல்லது. இடைப்பட்ட இரண்டு மூன்று நாள்தான் மோசம்: தூக்கம் கெடும், பசி குறையும், சிறுநீர் அதிகம் போய் ரத்தத்தின் நீர்ப்பங்கு குறையும், பழக்கமோ இன்னும் வந்திருக்காது. மலை நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது மருத்துவர் சீட்டோடு எடுக்க வேண்டியது, சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். பந்தய நாளில் முதல்முறையாக எடுக்காதீர்கள்.

சாப்பாடு: மணிக்கு 150 முதல் 200 கலோரி. பார் கேம்ப் வரை ஓரளவு திடமாகச் சாப்பிடலாம். அதற்கு மேல் மெல்லவும் மூச்சு வாங்கவும் ஒரே வாயால் முடியாது, ஓட்டக்காரர்களுக்கான எனர்ஜி ஜெல் அல்லது இனிப்புப் பானம்தான் இறங்கும். உதவி நிலையங்களில் திராட்சைப் பழம் கிடைக்கும், உலர்ந்த தொண்டைக்கு அதைவிட இதமானது வேறு இல்லை. தண்ணீர் மணிக்கு 400 முதல் 600 மி.லி. தாகம் இல்லாமல் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டலும் குழப்பமும் வரும். அரை லிட்டர் மென்குடுவை ஒன்று கையிலிருந்தால் நிலையத்துக்கு நிலையம் சமாளித்துவிடலாம்.

கீழே இதமான காலையாக இருக்கும், உச்சியில் உறைநிலையை ஒட்டிய குளிரும் காற்றும் இருக்கலாம். ஆலங்கட்டி மழையும் புதிதல்ல. கைமுட்டிக்குள் அடங்கும் காற்றுத்தடுப்பு ஜாக்கெட், மெல்லிய கையுறை, காது மூடும் தொப்பி மூன்றும் இடுப்புப் பட்டையில் இருக்கட்டும். ஏ-ஃப்ரேமில் குளிராவிட்டாலும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள், விரல் மரத்தபின் ஜிப்பை இழுக்க முடியாது. இடியோசை கேட்டு நடத்துநர்கள் திரும்பச் சொன்னால் ஒரு மைல்தான் பாக்கி என்று வாதாட வேண்டாம். மரங்களுக்கு மேலே அந்தச் சரிவில் உயரமான பொருள் நீங்கள்தான்.

லேசான தலைவலியும் குமட்டலும் வந்தால் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, நின்றபிறகும் மூச்சுத்திணறல் அடங்காதது, நுரையோடு இருமல் இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டம் முடிந்தது. மருத்துவக் குழுவிடம் சொல்லி இறங்க வேண்டும். அருகில் ஓடுபவரிடம் இதைக் கண்டாலும் நிறுத்தி உதவுங்கள்.

இதே பாதையில் ஏறி இறங்கும் பைக்ஸ் பீக் மாரத்தானை 1959-ல் ஆர்லீன் பீப்பர் 9 மணி 16 நிமிடத்தில் முடித்தார். அமெரிக்காவில் மாரத்தானை அதிகாரபூர்வமாக முடித்த முதல் பெண் தான்தான் என்பது அவருக்கே 2009-ல்தான் தெரியவந்தது. ஆனால் முதல் ஆண்டிலேயே அந்த மாரத்தானுக்குப் பெயர் கொடுக்காதீர்கள். களைத்த தொடையோடு உருளும் கிரானைட் பொடிக்கல்லில் இறங்குவது தனிக் கலை, விழுந்து முட்டி கிழிபவர்கள் பெரும்பாலும் இறக்கத்தில்தான் விழுகிறார்கள்.

அசென்ட் முடித்தவர்களை வண்டியில் கீழே கொண்டுவருவார்கள், அதற்குக் காத்திருக்கவும் நேரிடும். புறப்படும் இடத்தில் நீங்கள் கொடுக்கும் பை உச்சிக்கு வந்துசேரும். அதில் உலர்ந்த பனியன், கம்பளிச் சட்டை, நீளக் காற்சட்டை, காலுறை வையுங்கள். முடித்த ஐந்து நிமிடத்துக்குள் நனைந்த உடையை மாற்றிவிட வேண்டும், வியர்வை குளிர்ந்தால் நடுக்கம் பிடித்துக்கொள்ளும். தலைவலி மாலையிலும் வரலாம், அன்றிரவே நீண்ட தூரம் கார் ஓட்ட வேண்டாம், டல்லாஸுக்கு மறுநாள் கிளம்புங்கள்.