151 செ.மீ. மகளும் நெடுந்தூர ஓட்டமும்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, போன வாரம் மகளின் ஓட்டத்தையும் மேற்படிப்பையும் பற்றிக் கேட்க நீங்கள் மூவரும் வந்து உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் ‘உயரம்’ என்ற சொல்லைத்தான் அதிகம் கேட்டேன். மகளுக்கு 17 வயது, உயரம் 151 சென்டிமீட்டர், ஓடுவது 5000 மீட்டர். “இந்த உயரத்துக்கு ஓடி என்ன ஆகப்போகுது, பேசாம டாக்டருக்குப் படிக்க வை” என்று அவள் பெரியப்பா சொல்லிவிட்டார். உயரம் கூட்ட மாத்திரை இருக்கிறதாம் என்கிறார் சித்தி. அன்றைக்கு உங்களைத் தேற்றித்தான் அனுப்பினேன். ஆனால் யோசிக்க யோசிக்க, தேற்றியது போதாது என்று பட்டது. பெரியப்பா சொன்ன இரண்டுமே தவறு, சித்தி சொன்னதும்தான்.

முதலில் மாத்திரை. பெண் பிள்ளைகள் வேகமாக வளர்வது சுமார் 12 வயதில். 17-இல் எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அதற்குப் பிறகு கடையில் வாங்கும் எந்த மாத்திரையும் எலும்பை நீட்டாது. ஒரு காசுகூட அதற்குச் செலவழிக்காதீர்கள்.

இப்போது ஓட்டம். 2000 சிட்னி ஒலிம்பிக்கின் 10,000 மீட்டர் இறுதிப் போட்டியைத் தேடி மகளோடு உட்கார்ந்து பாருங்கள். எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி சுமார் 165 செ.மீ.; கென்யாவின் பால் டெர்கட் சுமார் 182. இருபத்தைந்து சுற்று, 27 நிமிடத்துக்கும் மேல் ஓடி, கடைசியில் கெப்ரசெலாசி வென்றது 0.09 விநாடியில். 2003-இல் பெர்லின் மாரத்தானில் டெர்கட் 2:04:55 ஓடி உலக சாதனை படைத்தார். 2007-இல் அதே ஊரில் அதை 2:04:26 ஆகக் குறைத்தவர் அந்தக் குள்ளமானவர்தான். அடுத்து 2004 ஏதென்ஸ் பெண்கள் மாரத்தான்: கொளுத்தும் வெயில். அன்றைய உலக சாதனையாளர், பிரிட்டனின் பவுலா ராட்க்ளிஃப், சுமார் 173 செ.மீ., பாதியில் நின்றுவிட்டார். தங்கம் வென்ற ஜப்பானின் மிசுகி நொகுச்சி சுமார் 150. உங்கள் மகளைவிடக் குள்ளம். ராட்க்ளிஃப் நின்றதற்கு வெயில் மட்டும் காரணமல்ல, உடம்பும் அன்று ஒத்துழைக்கவில்லை. ஆனால் வெயிலில் சிறிய உடம்புக்கு ஒரு அனுகூலம் இருப்பது கணக்கு. ஒரு உடம்பை எல்லாப் பக்கமும் 10 சதவீதம் பெரிதாக்கினால் தோலின் பரப்பு 21 சதவீதம்தான் கூடும், எடையோ 33 சதவீதம் கூடும். சூட்டை உண்டாக்குவது எடை, வெளியேற்றுவது தோல்.

அவள் பதக்கம் வாங்குவாள் என்று நான் சொல்லவில்லை. ஆக்சிஜன் கொள்ளளவு (ஓடும்போது உடம்பு அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன்), பயிற்சி, காயமில்லாமல் கழியும் வருடங்கள் என்று அதற்கு எத்தனையோ வேண்டும். அளவு நாடாவை வைத்து யாரும் அதைத் தீர்மானிக்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

மருத்துவப் படிப்புக்கு வருகிறேன். நீங்கள் வெளியே போன் பேசப் போன நேரத்தில் அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். 400 மீட்டர் சுற்றில் தன் காலடிகளை எண்ணியிருக்கிறாள்: 286. கூட ஓடும் உயரமான தோழிக்கு 250. இருவருக்கும் நேரம் 88 விநாடி. கீழே பென்சிலில் எழுதியிருந்தாள்: “ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கோட்டைத் தொட்டோம். அப்போ யாருக்கு அதிகம் செலவாச்சு?”

அந்த ஒரு மணி நேரத்தில் நோய், நோயாளி, மருந்து பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘டாக்டருக்குப் படித்தாலும் உடம்பைப் பற்றித்தானே’ என்பார் பெரியப்பா. இவள் கேட்பது ஓடும் உடம்பைப் பற்றி. அந்தக் கேள்விக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: விளையாட்டு அறிவியல். அதற்குள் இவளுக்கு ஏற்ற இரண்டு பிரிவுகள்: உடம்பின் அசைவையும் விசையையும் அளக்கும் பயோமெக்கானிக்ஸ், உழைக்கும்போது உடம்புக்குள் நடப்பதை ஆராயும் எக்சர்சைஸ் பிசியாலஜி.

அந்தப் படிப்புக்கான ஆய்வகத்தில் இவளையும் தோழியையும் ஒரே வேகத்தில் டிரெட்மில்லில் ஓடவிடுவார்கள். முகத்தில் மூச்சை அளக்கும் முகமூடி. ஐந்தாறு நிமிடத்தில் மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும், ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு ஆக்சிஜன் செலவானது என்று கணக்கிடுவார்கள். காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, தசை கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் எவ்வளவு என்று பார்ப்பார்கள். தரையில் பதித்த விசைத் தட்டில், ஒவ்வொரு அடியும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையோடு இறங்குவது திரையில் மேடாக எழும். பாதம் தரையைத் தொடுவது சுமார் 0.2 விநாடிதான், விநாடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண கேமராவில் அது ஆறே படம். அதனால் விநாடிக்கு 200 படம் எடுக்கும் கேமராவை வைத்து மூட்டுக்கு மூட்டு கோணம் அளப்பார்கள்.

கால் நீளமாக இருந்தால் அடிகள் மிச்சம், ஆனால் நீளமும் கனமும் கூடிய காலை ஒவ்வொரு முறையும் முன்னால் வீசுவதற்குச் செலவு அதிகம். காலின் நுனியில் கூடும் எடை எவ்வளவு படுத்தும் என்றால், ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினாலே ஆக்சிஜன் செலவு சுமார் 1 சதவீதம் ஏறும். இன்னொன்று: பழகிய ஓட்டக்காரர் தானாக வைக்கும் அடியின் நீளமே பெரும்பாலும் அவருக்குச் சிக்கனமான நீளத்தை ஒட்டித்தான் இருக்கும். மைதானத்து ஓரத்தில் நின்று “காலை எட்டிப் போடு” என்று அவள் அப்பா கத்துவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

வேலை? விளையாட்டு அணிகள், ஷூ வடிவமைப்பு, செயற்கைக்கால் பொருத்துதல், பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைகளின் நடையை அறுவை சிகிச்சைக்கு முன் அளந்து சொல்லும் மருத்துவமனை ஆய்வகங்கள். இடங்கள் குறைவு, மறைக்கவில்லை. இளநிலைப் பட்டத்தோடு நல்ல வேலை அமைவது கடினம், முதுநிலை வேண்டும். எனவே முதல் மூன்று நான்கு வருடத்திலேயே சேமிப்பைக் கரைக்காதீர்கள். பளபளப்பான விளையாட்டு அகாடமிக்காகக் கடன் வாங்க நீங்கள் யோசிப்பது எனக்குச் சுத்தமாகச் சம்மதமில்லை. கட்டணம் குறைந்த, விசைத் தட்டும் மூச்சு அளக்கும் கருவியும் உள்ள கல்லூரியைத் தேடுங்கள். அங்கே முதல்வரிடம் பேச வேண்டாம், இரண்டாம் வருட மாணவரிடம் கேளுங்கள்: “வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அந்தக் கருவியை நீங்களே இயக்குறீங்க?” கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம் என்றால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். பள்ளியில் இயற்பியலையும் உயிரியலையும் விட வேண்டாம். கணக்கில் அவள் தடுமாறுவதற்கு இப்போதே உதவி தேவை.

இந்த வாரம் ஒன்று செய்யட்டும். அவளும் தோழியும் ஒரே வேகத்தில் நான்கு சுற்று ஓடி, நின்றவுடன் 15 விநாடி நாடி பிடித்து எண்ணி, நான்கால் பெருக்கி, அந்த 286-க்கும் 250-க்கும் பக்கத்தில் எழுதட்டும். மூன்று நாள், ஒரே நேரத்தில். அடுத்த முறை மதிப்பெண் பட்டியல் வேண்டாம், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். பெரியப்பாவும் வரட்டும்.