பௌத்தம் படிக்கிறவர் குலசாமி கும்பிடப் போகலாமா?

தம்பி, பௌத்தம் படிக்க ஆரம்பிச்ச பிறகு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயில் கிடாவெட்டுக்குப் போனா வேஷமாகாதா, வரலைன்னா அம்மா அழறாங்கன்னு கேட்டிருக்கீங்க. தாராளமா போங்க.

புத்தர் மறுத்தது உலகத்தைப் படைச்சு நடத்துற ஒரு கடவுளை. தேவர்களே கிடையாதுன்னு அவர் சொல்லலை. பாலி மொழியில இருக்கற பழைய பௌத்த நூல்கள்ல இந்திரன் வர்றான், பிரம்மா வர்றார். ஆனா அவங்களுக்கும் பிறப்பு இறப்பு உண்டு. பிரம்மஜால சுத்தம்ங்கற புத்தரோட உரையில, முதல்ல தோன்றின பிரம்மா தனக்குப் பின்னாடி வந்தவங்களைப் பார்த்து, எல்லாரையும் தானே படைச்சதா நம்பிக்கிறார். குறும்பான இடம், அவசியம் படிங்க.

மகாபரிநிப்பான சுத்தம்ங்கற இன்னொரு உரையில, வஜ்ஜிகள்ங்கற அந்தக் கால வடநாட்டு மக்கள் தாழாம இருக்கக் காரணம்னு புத்தர் 7 விஷயம் சொல்றார். அதுல ஒண்ணு, அவங்க கோயில்களுக்கு வழக்கமா குடுக்கறதை நிறுத்தாம இருக்கறது. அவ்வளவு தூரம் எதுக்கு, மணிமேகலை பௌத்தக் காப்பியம்தானே? அதுல ஆபுத்திரனுக்கு அமுதசுரபி குடுத்தது யாரு? இதே மதுரையில கோயில் கொண்ட சிந்தாதேவி.

சிக்கல் கிடாவுலதான். உயிர்க்கொலை, பௌத்தர்களோட ஒழுக்க விதிகள்ல முதல் சீலத்துக்கே ஆகாது. கிடா வரிக்குப் பதிலா பொங்கலுக்கு அரிசி, வெல்லம் வாங்கித் தர்றேன்னு பங்காளிககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. வெட்டுற நேரம் தள்ளி நில்லுங்க. ரெண்டு பேச்சு பேசுவாங்கதான், நீங்க வந்து நின்னாலே அம்மாவுக்குப் போதும்.